டெல்லி – சான்பிரான்சிஸ்கோ: தூரம் ஒண்ணுதான், நேரம் மட்டும் ஏன் எடத்துக்கு எடம் மாறுது?

கேள்வி இதுதான். டெல்லியில இருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், ஃப்ளைட்ல எவ்வளவு நேரம் ஆகும்? நெட்ல தேடினா ஒரு சைட் பதிமூணே முக்கால் மணி நேரம்னு காட்டுது, டிக்கெட்ல பாத்தா பதினாறுக்கு பக்கத்துல போட்டிருக்கு, திரும்பி வர்ற டிக்கெட்ல அதுவும் இல்லாம வேற ஒரு நேரம், இதுல எதை நம்புறது. கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா இதை ஒருதடவை புரிஞ்சுகிட்டா உலகத்துல எந்த ரெண்டு ஊருக்கும் நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

முதல்ல தூரம். ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல பூமியோட மேற்பரப்பு மேல அளந்தா சுமார் 12,380 கி.மீ. மைல் கணக்குல 7,690 சொச்சம், விமானத்துறைக்காரங்க பயன்படுத்துற நாட்டிக்கல் மைல்ல சுமார் 6,685. நிறைய பேர் குழம்புறதே இங்கதான், ஒரு சைட் மைல் போடும், இன்னொண்ணு நாட்டிக்கல் மைல் போடும், பாக்குறவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்குவாங்க. ஒரு நாட்டிக்கல் மைல்ங்கிறது 1.852 கி.மீ, சாதா மைல் 1.609 கி.மீ. இது போக சைட்டுக்கு சைட் முப்பது நாப்பது கி.மீ வித்தியாசம் இருந்தா கவலைப்படாதீங்க, ஒருத்தர் ஊரோட நடு சென்டர்ல இருந்து அளப்பார், ஒருத்தர் ஏர்போர்ட்ல இருந்து அளப்பார். ஒருத்தர் பூமியை சுத்தமான உருண்டைன்னு வச்சுக்குவார், இன்னொருத்தர் அது துருவத்துல லேசா தட்டையா இருக்குங்கிறதையும் சேத்துக்குவார் (பூமத்திய ரேகையில ஆரம் 6,378 கி.மீ, துருவத்துல 6,357). பயணம் பண்றவங்களுக்கு இந்த வித்தியாசத்தால ஒண்ணும் ஆகப்போறதில்ல.

ஆனா அந்த 12,380 எந்த வழியா வருது தெரியுமா? சுவத்துல மாட்டுற மேப்பை எடுத்து டெல்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஸ்கேல் வச்சு கோடு போட்டீங்கன்னா ஒண்ணு ஐரோப்பா, அட்லாண்டிக்னு மேற்க போகும், இல்லன்னா சீனா, ஜப்பான், பசிபிக்னு கிழக்க போகும். ரெண்டுமே குறுக்கு வழி இல்ல. வீட்ல குளோப் இருந்தா ஒரு நூலை எடுத்து டெல்லி மேல ஒரு முனையை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு முனையை சான்பிரான்சிஸ்கோவுல வச்சு நல்லா இழுத்துப் பிடிங்க. நூல் தானாவே வழுக்கிக்கிட்டு மேல ஏறும், இமயமலை, திபெத், சீனாவோட வடமேற்கு மூலை, சைபீரியான்னு போய் ஆர்க்டிக் கடலைத் தொட்டுட்டு அலாஸ்கா வழியா கீழ இறங்கும். கணக்குப்படி டெல்லியில இருந்து கிளம்பும்போதே திசை கிட்டத்தட்ட நேர் வடக்குதான், வெறும் பதினாறு டிகிரி கிழக்க சாய்ஞ்சிருக்கும், உச்சத்துல சுமார் 75 டிகிரி வடக்கு வரைக்கும் போகும். இதைத்தான் கிரேட் சர்க்கிள்னு சொல்றது. மேப் தட்டையா இருக்கிறதால வடக்க இருக்கிற எடமெல்லாம் அகலமா தெரியுது, நிஜத்துல 60 டிகிரி வடக்குல பூமியைச் சுத்தி வந்தா பூமத்திய ரேகையில சுத்துற தூரத்துல பாதிதான். அதனாலதான் மேல ஏறிப் போறது சுருக்கு வழியா அமையுது.

இப்ப நேரத்துக்கு வருவோம். இந்த சைட் எல்லாம் என்ன பண்ணுதுன்னா 12,380-ஐ 900-ஆல வகுத்து பதிமூணே முக்கால்னு போட்டுடுது. 900 கி.மீ வேகம்ங்கிறது தப்பான நம்பர் இல்ல, இன்னிக்கு இருக்கிற பெரிய ஜெட் விமானங்கள் ஒலியோட வேகத்துல 84, 85 சதவீதத்துல பறக்குது, 36,000 அடி உயரத்துல ஒலியோட வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ, அதுல 85 சதவீதம்னா 900 சொச்சம் வரும். ஆனா அது காத்துக்குள்ள விமானத்தோட வேகம், தரைக்கு மேல வேகம் இல்ல. காத்தே மணிக்கு 150 கி.மீ வேகத்துல கிழக்க போயிட்டு இருந்தா, அதுக்குள்ள கிழக்க பறக்குற விமானம் தரையைப் பொறுத்தவரைக்கும் 1,050-ல போகுது, அதே காத்துல மேற்க பறந்தா 750 தான். என்னைக் கேட்டா இந்தக் கேள்வியோட முழு விடையும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு, தூரம் தரையில இருக்கு, நேரத்தை முடிவு பண்றது காத்து.

இந்தக் காத்துக்கு பேர் ஜெட் ஸ்ட்ரீம். பூமத்திய ரேகைப் பக்கம் சூடு, துருவப் பக்கம் குளிர், அந்த வெப்ப வித்தியாசத்தால மேல இருக்கிற காத்து துருவத்தைப் பாத்து நகரப் பாக்குது, பூமி சுத்துறதால வடக்கு அரைக்கோளத்துல அது வலது பக்கம் திரும்பி மேற்குல இருந்து கிழக்க ஓடுற ஒரு வேகமான பட்டையா மாறிடுது. முப்பதாயிரத்துல இருந்து நாப்பதாயிரம் அடி உயரம், அதாவது விமானங்கள் பறக்குற அதே உயரம். குளிர்காலத்துல வெப்ப வித்தியாசம் கூடும், அதனால காத்தும் வலுக்கும், ஜப்பானை ஒட்டின வடமேற்கு பசிபிக்ல மணிக்கு 300 கி.மீ-க்கு மேலயும் வீசுறது உண்டு. குளிர்காலத்துல ஒரு கிளை வட இந்தியாவுக்கு மேலயே வந்து நிக்கும், ஜூன் வாக்குல இமயமலைக்கு வடக்க நகர்ந்துடும்.

இதைக் கண்டுபிடிச்ச கதையை சொல்லாம தாண்டிப் போக மனசு வரல. 1920-கள்ல ஜப்பான்ல தாதெனோங்கிற எடத்துல வசாபுரோ ஒயிஷின்னு ஒரு வானிலை விஞ்ஞானி பலூன் விட்டு மேல்காத்தை அளந்துக்கிட்டே இருந்தார், குளிர்காலத்துல மேல பயங்கர வேகத்துல காத்து வீசுறதைப் பாத்து எழுதியும் வச்சார். உலகத்துல எல்லாரும் படிக்கணும்னு எஸ்பெராண்டோங்கிற, எல்லா நாட்டுக்காரங்களுக்கும் பொதுவா உருவாக்கின மொழியில அறிக்கை போட்டார், ஆனா அந்த மொழி படிக்கத் தெரிஞ்ச வானிலைக்காரங்க ரொம்பக் கம்மி, வெளி உலகம் கண்டுக்கவே இல்ல. 1944 கடைசியில ஜப்பான் மேல குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காத்துல மாட்டி, குண்டு எங்கயோ போட எங்கயோ விழுந்தப்பதான் அமெரிக்காக்காரங்களுக்கு அதோட வலு புரிஞ்சுது. உழைச்சு எடுத்த அளவு எல்லாம் இருபது வருஷம் அப்படியே கிடந்திருக்கு, எவ்வளவு பெரிய மனுஷன் அவர்.

சரி, இந்தக் காத்து டெல்லி – சான்பிரான்சிஸ்கோவை என்ன பண்ணுது? ஏர் இந்தியா இந்த ரூட்டை 2015 டிசம்பர்ல ஆரம்பிச்சப்ப விமானம் மேற்க, அட்லாண்டிக் பக்கமா போச்சு. வழி நெடுக எதிர்க்காத்து. 2016 அக்டோபர்ல அதையே திருப்பி கிழக்க, பசிபிக் பக்கமா விட்டாங்க. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கி.மீ, பசிபிக் வழி சுமார் 15,300 கி.மீ, அதாவது 1,400 கி.மீ கூட. ஆனா நேரம் பதினாலரை மணி, பழைய வழியைவிட கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கம்மி! 15,300-ஐ பதினாலரையால வகுத்துப் பாருங்க, சராசரி 1,055 கி.மீ வருது. விமானத்தோட சொந்த வேகம் 900 தான், மிச்சம் 150-ஐ காத்து கொடுத்திருக்கு. கூட தூரம் போயி சீக்கிரம் சேந்ததுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொண்ணு. உலகத்தோட ரொம்ப நீளமான நான்ஸ்டாப் சர்வீஸ் சிங்கப்பூர் – நியூயார்க், தூரம்னு போட்டிருக்கிறதும் 15,300 கி.மீ சொச்சம்தான், ஆனா அட்டவணையில பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல. ஒரே கி.மீ, நாலு மணி நேரம் வித்தியாசம் எப்படி? ஏன்னா டெல்லி ஃப்ளைட்டோட 15,300 அன்னிக்கு நிஜமா பறந்த தூரம், சிங்கப்பூரோட 15,300 குளோப்ல நூல் வச்சு அளந்த தூரம். நிஜத்துல அந்த விமானம் காத்தைப் பாத்து அதைவிட கூடத்தான் பறக்கும், அதோட அட்டவணை நேரத்துல தரையில ஊர்ந்து போற நேரமும் உண்டு. அதனால எங்க ஒரு கி.மீ நம்பரைப் பாத்தாலும் அது நூல் தூரமா பறந்த தூரமான்னு முதல்ல பாருங்க.

இங்க ஒரு தப்பு நம்பிக்கையை எடுத்துடணும். "பூமி கிழக்க சுத்துது, அப்ப மேற்க பறந்தா ஊரு தானா நம்மகிட்ட வந்துடுமே, அதுதானே சீக்கிரம் ஆகணும்"னு நிறைய பேர் கேப்பாங்க. வராது. காத்து மண்டலமும் பூமியோட சேந்தே சுத்துது, நீங்க கிளம்பின ஏர்போர்ட்டும் சுத்துது, விமானமும் அந்த வேகத்தோடயே மேல ஏறுது. ஓடுற ரயிலுக்குள்ள எகிறிக் குதிச்சா அதே எடத்துலதான விழுறோம், அந்த மாதிரிதான். பூமி சுத்துறதோட பங்கு ஜெட் ஸ்ட்ரீமை கிழக்க திருப்பி விடுறதோட சரி.

இன்னொரு நுணுக்கம், இதை யாரும் சொல்றதில்ல. போகும்போது பின்காத்து, வரும்போது எதிர்க்காத்து, ரெண்டும் சரிக்கட்டிடும்னு நினைப்போம், ஆனா சரிக்கட்டாது. 12,000 கி.மீ தூரம், 900 வேகம்னு வச்சுக்குங்க, காத்தே இல்லன்னா போக வர 26 மணி 40 நிமிஷம். 150 கி.மீ காத்து இருந்தா ஒரு பக்கம் 11 மணி 26 நிமிஷம், மறுபக்கம் 16 மணி நேரம், மொத்தம் 27 மணி 26 நிமிஷம். எதிர்க்காத்துல மெதுவா போறதால அதுக்குள்ள இருக்கிற நேரமே கூடிடுது, பின்காத்துல கிடைச்ச லாபத்தைவிட நஷ்டம் எப்பவும் ஜாஸ்தி. அதனாலதான் ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி டிஸ்பேச்சர்னு ஒருத்தர் உக்காந்து அன்னிக்கு காத்தைப் பாத்து புதுசா ரூட் போடுறார். வட அட்லாண்டிக்ல பறக்குற தடங்களையே காத்து முன்னறிவிப்பைப் பாத்து தினமும் ரெண்டு தடவை மாத்தி வெளியிடுறாங்க. நேத்து போன வழியில இன்னிக்கு போவாங்கன்னு ஒண்ணும் இல்ல.

காத்து எவ்வளவு தூரம் நேரத்தை மாத்தும்ங்கிறதுக்கு லண்டன் – நியூயார்க்கைப் பாருங்க, சுமார் 5,540 கி.மீ. நியூயார்க்ல இருந்து லண்டன் வர்றதுக்கு ஆறு, ஆறரை மணி நேரம் ஆகும், லண்டன்ல இருந்து போறதுக்கு ஏழரை எட்டுன்னு ஆகும். 2020 பிப்ரவரியில கியாரா புயல் அடிச்சப்ப பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்து சேந்துச்சு, தரை வேகம் 1,300 கி.மீ-ஐ தாண்டிச்சு. ஒலியைவிட வேகமா போச்சுன்னு அப்ப எல்லாரும் பேசினாங்க, அப்படி இல்ல, அதைச் சுத்தி இருந்த காத்தோட ஒப்பிட்டா அது வழக்கமான வேகத்துலதான் இருந்துச்சு, காத்துதான் வேகமா ஓடுச்சு. நிஜமா ஒலியைத் தாண்டிப் போனது கான்கார்ட்ங்கிற பயணிகள் விமானம், 1996 பிப்ரவரியில அதே ரூட்ல 2 மணி 53 நிமிஷத்துக்குள்ள வந்துச்சு.

காத்து மட்டும்தான்னும் சொல்லிட முடியாது. நூல் வச்சுப் பாத்தப்ப வழி இமயமலைக்கும் திபெத்துக்கும் மேல போச்சு இல்லையா, அதுல விமானம் நேரா போகாது. கேபின்ல பிரஷர் போயிடுச்சுன்னா பைலட் உடனே பத்தாயிரம் அடிக்கு இறங்கணும், அங்கதான் மாஸ்க் இல்லாம மூச்சு விட முடியும், தலைக்கு மேல இருந்து விழுற மாஸ்க்ல ஆக்சிஜன் பெரும்பாலும் 12-ல இருந்து 22 நிமிஷம்தான் வரும். திபெத் பீடபூமியோட சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது பதினாலாயிரத்து எழுநூறு அடிக்கு மேல, பல நூறு கி.மீ அப்படியே நீளுது. இறங்க எடமே இல்லாத எடத்துக்கு மேல வழக்கமா ரூட் போட மாட்டாங்க, அதுக்குன்னு தப்பிக்கிற பாதை, கூடுதல் ஆக்சிஜன் எல்லாம் தனியா வேணும். அதனால டெல்லியில இருந்து வடக்க போறவங்க மேற்க ஒதுங்கி மத்திய ஆசியா பக்கம் போய் ஏறுவாங்க, இல்லன்னா கிழக்க சுத்துவாங்க. அங்கேயே சில நூறு கி.மீ கூடிடுது.

அடுத்தது வான்வெளி. எந்த நாடு யாரை மேல பறக்க விடுதுங்கிறது இன்னிக்கு காத்து அளவுக்கு முக்கியமாயிடுச்சு. 2022 பிப்ரவரிக்கு அப்பறம் ரஷ்யா வான்வெளி ஐரோப்பா, அமெரிக்கா விமானங்களுக்கு மூடிப் போச்சு, ஹெல்சிங்கி – டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்துல முடிஞ்சது பதிமூணு மணி நேரம் ஆயிடுச்சு, வட துருவத்தைச் சுத்திப் போறாங்க. ரெண்டு ஊரும் ஒரு இன்ச் கூட நகரல! ஏர் இந்தியாவுக்கு அந்தத் தடை இல்ல, 2023 ஜூன்ல டெல்லி – சான்பிரான்சிஸ்கோ 777 ஒண்ணு இன்ஜின் கோளாறால ரஷ்யாவோட தூரக் கிழக்குல மகதான்ங்கிற ஊர்ல இறங்கினது ஞாபகம் இருக்கும், அந்த விமானம் எந்த வழியா போயிட்டு இருந்துச்சுன்னு அதுலயே தெரியும். ஆனா 2025 ஏப்ரல் 24-ல இருந்து பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியாச்சு, அதனால மேற்க போற நீள ரூட்கள் சுத்திப் போக வேண்டி வந்து, சில ஃப்ளைட் வியன்னா, கோபன்ஹேகன்ல இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாப் போச்சு. அதனால ரெண்டு மூணு வருஷம் முன்னாடி போன சொந்தக்காரங்க சொன்ன நேரத்தை இன்னிக்கு அப்படியே எடுத்துக்காதீங்க.

எரிபொருளும் ஒரு விஷயம். இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டினா என்னன்னு தோணும், ஒலி வேகத்துல 85 சதவீதத்துக்கு மேல போனா காத்தோட இழுவை திடீர்னு ஏறும், எரிபொருள் அநியாயத்துக்கு குடிக்கும். நீள தூரத்துல எரிபொருளைத் தூக்கிட்டுப் போறதுக்கே எரிபொருள் வேணும், கூட ஏத்தின எடையில மணிக்கு சுமார் 2.5-ல இருந்து 4.5 சதவீதம் அதைச் சுமக்குறதுக்கே எரிஞ்சு போயிடும். சிங்கப்பூர் – நியூயார்க் போற ஏ350 விமானத்துல வெறும் 161 சீட், எகானமி கிளாஸே கிடையாது, எடையைக் குறைச்சாத்தான் அவ்வளவு தூரம் போக முடியும்.

அப்பறம் டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம் பறக்குற நேரம் இல்ல. சக்கரத்துக்கு வச்ச கட்டையை எடுத்ததுல இருந்து அடுத்த ஊர்ல திரும்ப கட்டை வைக்கிற வரைக்கும் கணக்கு, பிளாக் டைம்னு பேர். ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது, அங்க இறங்கி கேட் வரைக்கும் போறதுன்னு அரை மணி, முக்கால் மணி அதுலயே போயிடும், அதுக்கு மேல லேட் ஆகாம இருக்க கம்பெனிக்காரங்க கொஞ்சம் சேத்தும் போடுவாங்க. "பைலட் அரை மணி முன்னாடியே இறக்கிட்டார்"னு சந்தோஷப்படுறது பல தடவை இந்த சேத்துப் போட்ட நேரம்தான்.

இப்ப கடிகாரம். டெல்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் குளிர்காலத்துல பதிமூணரை மணி நேரம் வித்தியாசம், கோடையில அவங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளிடுறதால பன்னெண்டரை. குளிர்காலத்துல திங்கட்கிழமை காலையில 3 மணிக்கு டெல்லியில கிளம்பி பதினஞ்சரை மணி நேரம் பயணம் பண்ணீங்கன்னா டெல்லியில சாயங்காலம் 6.30, அங்க அதே திங்கட்கிழமை காலையில 5 மணி, டிக்கெட்டைப் பாத்தா ரெண்டே மணி நேரத்துல போன மாதிரி இருக்கும். திரும்பி திங்கட்கிழமை காலையில 10 மணிக்கு அங்க கிளம்பி 16 மணி நேரம் வந்தா இங்க செவ்வாய்க்கிழமை மதியம் 3.30. ஏறுற நேரம், இறங்குற நேரம் ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம், அதை அப்படியே கழிக்காதீங்க.

மாறிப் போற டிக்கெட் எடுக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. டெல்லி – டோக்கியோ – சான்பிரான்சிஸ்கோ சுமார் 14,140 கி.மீ, பிராங்க்பர்ட் வழியா போனா சுமார் 15,270. போகும்போது டோக்கியோ வழி தூரமும் கம்மி, காத்தும் முதுகுப் பக்கம், அதனால கிழக்க போறதுதான் என் சாய்ஸ். வரும்போது டோக்கியோ வழியா வந்தா அதே காத்து முகத்துல அடிக்கும், குறிப்பா டிசம்பர் ஜனவரியில, அப்ப ஐரோப்பா வழியா கிழக்கயே வந்தா 1,100 கி.மீ கூடினாலும் காத்துல இருக்கிற நேரம் பெருசா கூடாது, பல நாள் குறையவும் செய்யும். ஆனா நடுவுல ஆறு மணி நேரம் ஏர்போர்ட்ல உக்கார வச்சா இந்த லாபம் மொத்தமும் போயிடும், அதனால முதல்ல லே-ஓவரைப் பாருங்க, அப்பறம் காத்தைப் பாருங்க.

சரியான நேரம் வேணும்னா தூரம் சொல்ற சைட்டை விட்டுடுங்க. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் மாதிரி எடத்துல உங்க ஃப்ளைட் நம்பரைப் போட்டு போன ஒரு வாரத்துல நிஜமா எவ்வளவு நேரம் பறந்துச்சுன்னு பாருங்க, ஒரே நம்பர் நாளுக்கு நாள் அரை மணி முக்கால் மணி முன்ன பின்ன வரும், அதோட சராசரிதான் உங்க நேரம். பயணம் ஜனவரியில இருந்தா ஜூலை மாசத்து நேரத்தைப் பாக்காதீங்க. கூப்பிட வர்றவங்ககிட்ட சொல்லும்போது இறங்குற நேரத்தோட தேதியையும் கிழமையையும் சேத்தே சொல்லுங்க, அமெரிக்காவுல இருந்து வரும்போது டிக்கெட்ல +1-னு சின்னதா போட்டிருப்பாங்க, அது அடுத்த நாள்னு அர்த்தம், அதைக் கவனிக்காம முந்தின நாளே ஏர்போர்ட்ல வந்து நிக்கிறவங்க நிறைய பேர்.